கார்பன் ஃபைபர் தகட்டில் துளை: பிட் மழுங்கியதைத் தகடு கெடும் முன் கண்டுபிடிப்பது எப்படி?

ராணிப்பேட்டையான் | திங்கள், இரவு 9.40

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு விஎம்சி (கணினி ஓட்டும் துளை, அரவை எந்திரம்), இரண்டு லேத், மூன்று ஆட்கள். இதுவரை இரும்பும் அலுமினியமும்தான் செய்துவந்தோம். ஆறு மாதமாகக் கார்பன் ஃபைபர் தகட்டில் துளை போடும் வேலை வருகிறது. தகடு 6 மி.மீ. தடிமன், துளையும் 6 மி.மீ., ஒரு தகட்டுக்கு 24 துளைகள். கார்பைடு பிட், 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று), பிட் கீழே இறங்கும் வேகம், அதாவது ஃபீட், நிமிடத்துக்கு 150 மி.மீ.

போன வாரம் 11 தகடுகள் திரும்பி வந்துவிட்டன. மேல்பக்கம் துளை அழகாக இருக்கிறது. திருப்பினால் அடிப்பக்கத்தில் நார் பிய்ந்து, அடுக்கு பிரிந்து, துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் என் கூலி சுண்டைக்காய். நஷ்டம் என் தலையில்தான்.

60 துளைக்கு ஒரு பிட் என்று கணக்கு வைத்திருந்தேன். சில பிட் 100 துளை வரை ஒழுங்காகப் போடுகிறது, சில பிட் 35இலேயே பிய்க்கிறது. இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. இரும்பு என்றால் சில்லின் நிறமே சொல்லிவிடும். இதில் சில்லே கிடையாது, வெறும் கரித்தூள். ஓடும்போதே பிட்டின் நிலையை அறிய வழி இருக்கிறதா? லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாது.

திருவலம்பாலம் | திங்கள், இரவு 10.05

கூலண்ட் விடுகிறீர்களா? தகட்டுக்கு அடியில் என்ன வைக்கிறீர்கள்?

ராணிப்பேட்டையான் | திங்கள், இரவு 10.12

கூலண்ட் இல்லை, உலர்வெட்டுதான். தூளை வாக்கம் வைத்து உறிஞ்சுகிறோம். அடியில் எம்டிஎஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) இருக்கிறது.

சாணைக்கல் | செவ்வாய், காலை 6.20

தம்பி, நாற்பது ஆண்டு டூல்ரூமில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இரும்புக்குப் பழகிய கண்ணால் இந்தப் பிட்டைப் பார்க்கிறீர்கள், அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை. எஃகைக் கடையும் கருவியில் விளிம்புக்குப் பின்னால் பட்டையாகத் தேய்மானம் விழும். அது 0.3 மி.மீ. ஆனதும் கருவியை மாற்று என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 0.3 கடைசல் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 3685 தரத்தில் உள்ள அளவு. கார்பன் ஃபைபரில் அந்தப் பட்டை தெரிவதற்கு வெகு முன்பே துளை கெட்டுவிடும்.

இங்கே விளிம்பு உடைவதில்லை, பள்ளமும் விழுவதில்லை. ஆற்றுக் கூழாங்கல் போல மெல்ல உருண்டுபோகிறது. கார்பைடு என்பது டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் பிடித்துவைத்திருக்கும் ஒரு கட்டு. நாரும் அதன் தூளும் முதலில் கோபால்ட்டைச் சுரண்டுகின்றன. பூச்சு கரைந்த மண்சுவரில் கல் உதிர்வது போல, பிடி விட்ட மணிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 150ஐ 3,000ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. இரண்டு விளிம்புகளும் பங்கிட்டால் தலைக்கு 25 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கார்பன் நாரின் விட்டம் 5 முதல் 7 மைக்ரான். புதுப் பிட்டின் விளிம்பில் உருட்டு சில மைக்ரான்தான் இருக்கும், நாரை நறுக்கென்று அறுக்கும். அந்த உருட்டு 20 மைக்ரானைத் தாண்டும்போது அது அறுப்பதை விட்டுவிட்டு நாரை வளைத்து, நசுக்கி, கீழே தள்ள ஆரம்பிக்கிறது. கடைசி இரண்டு மூன்று அடுக்குகளுக்கு வரும்போது அந்தத் தள்ளலைத் தாங்கக் கீழே ஒன்றும் இருக்காது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள பிசின் விட்டுக்கொடுத்துவிடும்.

பிட்டை எப்படிப் பார்ப்பது என்றால், மேசை விளக்கின் அடியில் விளிம்பை உங்களை நோக்கிப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, வெறும் கோடாகக் கறுத்திருக்கும். மழுங்கிய விளிம்பில் வெள்ளை இழை ஒன்று மின்னும். கத்திக்குச் சாணை பிடிக்கிறவன் பார்ப்பது போலத்தான்.

இன்னொன்று. அந்த எம்டிஎஃப் பலகையை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்?

ராணிப்பேட்டையான் | செவ்வாய், காலை 8.50

மாற்றுவதில்லை, ஐயா. ஃபிக்சரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டேன்.

சாணைக்கல் | செவ்வாய், காலை 8.58

ஆறு மாதமாக அதே 24 இடங்களில் துளை விழுந்திருக்கிறது. அதைப் பலகை என்று சொல்லாதீர்கள், சல்லடை என்று சொல்லுங்கள்.

அகழிமீன் | செவ்வாய், பகல் 1.30

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இதே துறையில் ஆய்வு செய்கிறேன். சாணைக்கல் ஐயா சொன்ன 'கீழே தள்ளுதல்' அளக்கக்கூடிய ஒன்று. அதற்கு உந்துவிசை என்று பெயர், பிட் தகட்டைக் கீழ்நோக்கி அழுத்தும் விசை. 1990இல் ஹோ செங், தரண் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். துளைக்கு அடியில் மிச்சமிருக்கும் தடிமனின் 1.5ஆம் படிக்கு (கணிதத்தில் சொல்லும் அடுக்குக்குறி 1.5) ஏற்றபடி அது தாங்கும் விசை அமையும் என்பது அதன் சாரம். மிச்சத் தடிமன் பாதியானால் தாங்கும் விசை பாதியாவதில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடிப்பக்கத்தில் மட்டும் பிய்வதன் காரணம் அதுதான். அடியில் பலகை முட்டுக்கொடுத்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

பிட் மழுங்க மழுங்க உந்துவிசை இரண்டு, மூன்று மடங்கு வரை ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிட்டைச் சுற்றத் தேவைப்படும் முறுக்குவிசை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே ஒரே ஒரு அளவைத்தான் எடுக்க முடியும் என்றால் உந்துவிசையை எடுங்கள். ஆய்வகத்தில் இதற்கு அழுத்தமின் டைனமோமீட்டர் என்ற விசை அளக்கும் கருவி வைத்திருக்கிறோம், அதன் விலையை இங்கே எழுதி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை. நார் முறியும் ஒலியைக் கேட்கும் ஒலியுமிழ்வு உணரியும் உண்டு. அது 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்வது, அதுவும் மலிவில்லை.

மைக்ரான் | செவ்வாய், பகல் 2.10

ஏன் இத்தனை சுற்று? விஎம்சி திரையிலேயே ஸ்பிண்டில் (பிட்டைச் சுற்றும் தண்டு) லோடு மீட்டர் இருக்கிறது. பிட் மழுங்கினால் லோடு ஏறும். பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஒரு காசு செலவில்லை.

அகழிமீன் | செவ்வாய், பகல் 2.45

எஃகில் 20 மி.மீ. பிட் ஓட்டினால் நீங்கள் சொல்வது சரி. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. பிட்டுக்கு முறுக்குவிசை சுமார் 0.3 நியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். 3,000 ஆர்பிஎம்மில் அது 94 வாட். ஸ்பிண்டில் மோட்டார் 7.5 கிலோவாட் என்றால் இது ஒன்றேகால் சதவீதம். ஸ்பிண்டில் சும்மா சுற்றும்போதே முள் அதைவிட அதிகமாக ஆடும். பிட் இரண்டு மடங்கு மழுங்கினாலும் திரையில் 1 என்பது 2 ஆகும், அவ்வளவுதான். மேலும் கீழும் நகரும் இசட் அச்சின் லோடும் அப்படியே. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள தலையைத் தூக்கி இறக்கும் மோட்டாருக்குப் பத்து கிலோ தள்ளல் ஒரு பொருட்டே இல்லை.

மைக்ரான் | செவ்வாய், பகல் 3.00

சரி, லோடு மீட்டரை விட்டுவிடுகிறேன். செல்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்தால்?

தோல்ஷாப்புக்காரன் | செவ்வாய், மாலை 6.15

நான் பேரணாம்பட்டு, தோல் ஷாப் ஆள். உங்கள் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் சத்தம் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் ஷேவிங் மெஷினில் சுருள் கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குச் சாணைக்கல்லும் எந்திரத்திலேயே உண்டு. எப்போது சாணை கொடுக்க வேண்டும் என்று மீட்டர் எதுவும் சொல்வதில்லை. பழகிய ஆள் தோல் கையை இழுக்கும் இழுப்பிலேயே சொல்லிவிடுவார். காதை விடக் கைதான் முந்திக்கொள்ளும். விசையை அளக்கச் சொல்கிறவர் பக்கம் என் ஓட்டு.

அகழிமீன் | செவ்வாய், இரவு 8.20

அருமையான உதாரணம், அண்ணா. அடுத்த கருத்தரங்கில் திருடிக்கொள்கிறேன்.

மைக்ரான், செல்பேசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துப் பதியும். பிட் மழுங்கிச் சத்தம் கூடினாலும் செல்பேசி அதை அமுக்கிவிடும். அந்த வசதியை நிறுத்தும் செயலிகள் இருக்கின்றன. நிறுத்தினாலும் வாக்கத்தின் இரைச்சலும் பக்கத்து லேத்தும் சேர்ந்துகொள்ளும்.

ராணிப்பேட்டையான் அண்ணா, உங்களுக்கு என் யோசனை வேறு. கடைத் தராசில் எடையை உணரும் லோடு செல் போதும். தகட்டைத் தராசின் மேல் வைத்துத் துளை போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு செல், அவற்றின் மின்குறியை எண்ணாக்கும் எச்எக்ஸ் 711 என்ற சிறிய மின்னணுப் பலகை ஒன்று, கணினியோடு இணைக்க ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. எச்எக்ஸ் 711 நொடிக்கு 80 முறை வரை அளவெடுக்கும். உங்கள் பிட் 6 மி.மீ. தகட்டைக் கடக்க 2.4 நொடி ஆகிறது. ஒரு துளைக்கு 190 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். பிட்டின் அதிர்வைப் படிக்க இது போதாது, சராசரித் தள்ளலைப் படிக்கத் தாராளம்.

திருவலம்பாலம் | புதன், காலை 7.30

சொல்லுவதற்கு எளிது. லோடு செல் அமுங்கும் பொருள். அதன் மேல் தகடு நின்றால் அதிர்ந்து, நன்றாக இருக்கும் துளையையும் கெடுக்கும். காசு இருக்கிறவர்கள் வைரப் பிட் வாங்கிக்கொள்கிறார்கள், பல மடங்கு உழைக்கிறது. கண்காணிப்பே தேவையில்லை.

சாணைக்கல் | புதன், காலை 7.55

வைரப் பிட்டும் மழுங்கத்தான் போகிறது, நாள் தள்ளிப்போகும். விளிம்பு சில்லுத் தெறித்தால் ஒரே துளையில் மொத்தமும் போகும். அந்த விலைக்குக் கண்காணிப்பு இன்னும் அதிகம் தேவை. அமுங்குவதைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். இருநூறு கிலோ தாங்கும் செல்லில் இருபது கிலோ விழுந்தால் அமுக்கம் மி.மீ.யில் நூறில் சில பங்குதான் இருக்கும். பெரிய கொள்ளளவு செல்லாகப் போடச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டையான் | ஞாயிறு, இரவு 9.15

செய்து பார்த்துவிட்டேன். வீட்டுக் குளியலறையில் இருந்த, ஏறி நின்று எடை பார்க்கும் தராசைப் பிரித்து நான்கு செல்லும் எடுத்துக்கொண்டேன். ஆர்டுயினோ பள்ளியில் படிக்கும் மகனுடையது.

முதல் நாள் முழுத் தோல்வி. பிட் இறங்குகிறது, எண் அசையவே இல்லை. செல் கெட்டுவிட்டது என்று அரை நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் கண்டுபிடித்தவன் என் ஆபரேட்டர். தகட்டை விஎம்சி மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தேன். விசை செல்லுக்குப் போகாமல் கிளாம்ப் வழியாகவே மேசைக்குப் போய்விட்டது. கிளாம்ப், எம்டிஎஃப், தகடு மூன்றையும் ஒரே அலுமினியப் பலகை மேல் ஏற்றி, அந்தப் பலகை மட்டும் நான்கு செல் மேல் நிற்கும்படி செய்தேன். உடனே எண் வந்தது.

இரண்டாம் சிக்கல் நம் ஊர் வெயில். தகரக் கூரை. காலையில் பூஜ்யம் வைத்தால் மதியம் இரண்டு மணிக்கு ஒன்றும் வைக்காமலே முக்கால் கிலோ காட்டுகிறது. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? இப்போது ஒவ்வொரு துளைக்கும் முன்னால் பூஜ்யத்தைப் புதிதாக எடுக்கும்படி நிரலை மாற்றிவிட்டேன்.

புது எம்டிஎஃப், புதுப் பிட் வைத்துப் பார்த்ததில், முதல் துளையில் 9 கிலோ. பத்தாவது துளைக்குள் 12 ஆகிவிட்டது. அதன்பின் மெதுவாக ஏறி, 60ஆவது துளையில் 19 கிலோ. முதலில் வேகமாக ஏறுவது சரியா?

சாணைக்கல் | ஞாயிறு, இரவு 9.40

சரிதான். கூர் மிகுந்த முனை முதலில் சீக்கிரம் உருளும், பிறகு நிதானப்படும். புதுச் செருப்பு முதல் வாரத்தில்தான் அதிகம் தேயும்.

அகழிமீன் | ஞாயிறு, இரவு 10.30

எத்தனை கிலோவில் பிய்கிறது? துளையைச் சுற்றிய சேதத்தின் அதிகபட்ச விட்டத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சேதம் 7.2 மி.மீ. வரை போனால் எண் 1.2. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பிரிந்திருந்தால் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பானை வாங்கும்போது தட்டுவது போல. பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாக வரும்.

ராணிப்பேட்டையான் | புதன், இரவு 8.00

இந்த மூன்று நாளில் கண்டது எனக்கே ஆச்சரியம். எம்டிஎஃப் பலகையைப் புதிதாக்கியதும் பாதிச் சிக்கல் ஒழிந்தது (சாணைக்கல் ஐயாவுக்கு ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடா கடன்). மீதிப் பாதிதான் விஷயம்.

ஒரே பெட்டியில் வாங்கிய ஐந்து பிட்களின் விசை ஏறுகிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறது. 35இல் பிய்த்த பிட், 100 வரை போன பிட் என்ற வித்தியாசத்தையே காணவில்லை. பிறகு தகடுகளைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு இரண்டு கட்டுகளாகத் தகடு வருகிறது. ஒரு கட்டின் அடிப்பக்கம் பாய் முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கிறது. இன்னொரு கட்டில் நார் எல்லாம் ஒரே திசையில், வாரிய தலைமுடி மாதிரி. பாய் முடைந்த தகடு 24 கிலோ வரை தாங்குகிறது. ஒரே திசைத் தகடு 16ஐத் தாண்டியதுமே பிய்க்கிறது. ஆறு மாதமாக நான் பிட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிட் எல்லாம் ஒரே மாதிரிதான் மழுங்கியிருக்கிறது, தாங்கும் சக்திதான் தகட்டுக்குத் தகடு வேறு.

மைக்ரான் | புதன், இரவு 8.20

அப்படியென்றால் தராசு எதற்கு? இந்தத் தகட்டுக்கு இத்தனை துளை, அந்தத் தகட்டுக்கு இத்தனை துளை என்று சுவரில் எழுதி ஒட்டிவிடலாமே. கடைசியில் நான் சொன்ன செலவில்லாத வழிக்கே வந்தீர்கள்.

ராணிப்பேட்டையான் | புதன், இரவு 8.45

நானும் ஒரு மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சாணை பிடித்துத் திரும்பிய பிட் ஒன்றை மாட்டினேன். முதல் துளையிலேயே 14 கிலோ. லென்ஸில் பார்த்தால் கூர் இருக்கிறது, ஆனால் நடுவில் உள்ள உளிமுனை அகலமாகிவிட்டிருந்தது. எண்ணிக்கையை நம்பியிருந்தால் அதை வைத்து ஒரே திசைத் தகட்டில் 30 துளை போட்டிருப்பேன்.

சாணைக்கல் | வியாழன், காலை 6.05

உளிமுனை வெட்டுவதில்லை, அமுக்கித் தள்ளுகிறது. உந்துவிசையில் பெரும்பங்கு அதனுடையதுதான். சாணை பிடிக்கக் கொடுக்கும்போது நடுவை மெலிதாக்கித் தரும்படி கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் யாரும் செய்துதர மாட்டார்கள்.

திருவலம்பாலம் | வியாழன், காலை 9.10

என் அவநம்பிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதையே செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுத்தால் பிட் எப்போது போகும் என்று அதுவே சொல்லாதா? இப்போது எல்லோரும் அதைத்தானே பேசுகிறார்கள்.

அகழிமீன் | வியாழன், பகல் 12.40

அந்தக் குழியில் நான் ஏற்கெனவே விழுந்து எழுந்தவன். அதிர்வுத் தரவைக் கொடுத்து ஒரு நரம்பியல் வலைப்பின்னலைப் பழக்கினேன். கட்டுரையில் போடும் அளவுக்குத் துல்லியம் வந்தது. புதிதாக ஒரு பிட்டை மாட்டியதும் உளற ஆரம்பித்தது. பழக்கிய துளைகளும் சோதித்த துளைகளும் ஒரே பிட்டிலிருந்து எடுத்தவை. 41ஆவது துளையையும் 43ஆவதையும் காட்டிவிட்டு 42ஐக் கேட்டால் யார்தான் சரியாகச் சொல்ல மாட்டார்கள்? வினாத்தாளைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதியது போல. ஒரு பிட்டை முழுவதும் ஒதுக்கிவைத்து அதன் மேல் சோதிக்கும் வரை யாருடைய துல்லியத்தையும் நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. ராணிப்பேட்டையான் அண்ணாவின் வேலைக்கு இரண்டு எல்லைக்கோடுகளும் ஒரு சிவப்பு விளக்கும் போதும்.

தோல்ஷாப்புக்காரன் | வியாழன், மாலை 7.00

கரித்தூள் பற்றி யாரும் பேசவில்லையே. மூச்சில் போகாதா?

சாணைக்கல் | வியாழன், இரவு 7.20

போகும். முகக்கவசம் கட்டாயம், துணி கட்டினால் போதாது. இன்னொன்றும் இருக்கிறது. கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். விஎம்சியின் மின்பெட்டிக்குள் புகுந்தால் போர்டு போய்விடும். கதவின் ரப்பரைப் பாருங்கள், தம்பி. அந்த ஆர்டுயினோவையும் ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ராணிப்பேட்டையான் | வெள்ளி, இரவு 9.30

மூடிவிட்டேன், ஐயா. மகனின் சாப்பாட்டு டப்பா.

இப்போதைய ஏற்பாட்டை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். புதுப் பிட்டையோ சாணை பிடித்து வந்த பிட்டையோ முதல் முறை மாட்டியதும் வேண்டாத தகட்டுத் துண்டில் ஒரு துளை போடுகிறோம். 11 கிலோவைத் தாண்டினால் அந்தப் பிட் தகட்டின் பக்கமே வரக்கூடாது. ஒரே திசைத் தகட்டுக்கு 14இல் மஞ்சள் விளக்கு, 15இல் சிவப்பு. பாய்த் தகட்டுக்கு 20, 22. ஒரே திசைத் தகட்டுக்கு ஆகாத பிட்டை எறியாமல் பாய்த் தகட்டுக்கு மாற்றிவிடுகிறோம், பிட் செலவு அதிலேயே குறைகிறது. எம்டிஎஃப் பலகையை ஒவ்வொரு தகட்டுக்கும் 10 மி.மீ. நகர்த்திப் போடுகிறோம். இந்த வாரம் 18 தகடுகள் போயிருக்கின்றன, இன்றுவரை எதுவும் திரும்பவில்லை.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. தகட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் விசை ஒன்றரை கிலோ குறைவாகக் காட்டுகிறது. பிட் அதே பிட்தான்.

அகழிமீன் | வெள்ளி, இரவு 10.10

நான்கு செல்லின் எண்ணையும் கூட்டி எடுக்கிறீர்களா? ஒரு செல்லின் உணர்திறன் மற்றதைவிடக் குறைவாக இருந்தால் அந்த மூலை மட்டும்தான் குறையும். நான்கும் குறைகிறது என்றால் மூலைக்குப் பக்கத்தில் எதிலோ அலுமினியப் பலகை முட்டுகிறது. தெரிந்த எடை ஒன்றை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து கிலோ அரிசிப் பை போதும்.

ராணிப்பேட்டையான் | சனி, காலை 11.20

அரிசிப் பை வைத்தேன். நான்கு மூலையிலும் குறைவுதான். வாக்கம் குழாயை இழுத்துக் கட்டியிருந்த கயிறுகள் நான்கு மூலைகளையும் மேசையோடு பிடித்திருந்தன. அவிழ்த்ததும் ஐந்து கிலோவும் ஐந்து கிலோவாகவே காட்டுகிறது. மூலைத் துளைகளின் எண்களை எல்லாம் அழித்துவிட்டு, திங்கள்கிழமை முதல் புதிதாகக் குறிக்கப்போகிறேன்.